ஒத்தியங்கு தரநிலைக்கு நல்கை கேட்பது எப்படி: முதல் மடலிலிருந்து கடைசித் தவணை வரை

பாமினியில் தட்டிய கோப்பை டிஸ்கி எழுத்துருவில் திறந்து, கொத்துக் கொத்தாய்ப் புரியாத குறிகளைப் பார்த்த தலைமுறைக்கு ஒத்தியங்குதல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு மென்பொருள்கள் ஒன்றின் தரவை மற்றொன்று சரியாகப் புரிந்துகொள்ள ஒரு பொது வரையறை வேண்டும். அதை எழுத மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். எழுதி முடித்தபின் யாருக்கும் விற்க முடியாது. அதனால்தான் நல்கை, அதாவது இத்தகைய வேலைக்குத் தரப்படும் நிதியுதவி, தேடிப் போகிறோம்.

விண்ணப்பங்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதுபவர் ஆவணத்துக்குக் காசு கேட்கிறார். மதிப்பிடுபவரோ, "இதை உங்களைத் தவிர வேறு யார் செயல்படுத்தப்போகிறார்கள்?" என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாகத் தேடிப் பதில் கிடைக்காமல் மூடிவைக்கிறார். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்கும் வேலைதான்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம்: மின்நூல் வாசிப்புச் செயலிகளுக்கிடையே அடிக்கோடுகள், ஓரக்குறிப்புகள், வாசித்து நிறுத்திய இடம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள ஒரு தரநிலை. திட்டம்தான் கற்பனை, சிக்கல் நிஜம். கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலி தன் குறிப்புகளை நூலின் பக்கத்திலேயே ஓர் எஸ்டிஆர் கோப்புறைக்குள் லூவா என்ற நிரல்மொழிக் கோப்பாக வைக்கிறது. மின்நூல் மேலாண்மைச் செயலியான காலிபர் தன் வழியில் வேறு இடத்தில் வைக்கிறது. ஒன்றில் போட்ட அடிக்கோடு மற்றொன்றில் தெரியாது.

படி 1: புதுத் தரநிலை உண்மையிலேயே வேண்டுமா?

பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று என்று ஆகிவிடுமோ என்பதுதான் மதிப்பிடுபவரின் முதல் பயம். எனவே முதல் இரண்டு வாரங்களை ஏற்கெனவே இருப்பவற்றைப் படிக்க ஒதுக்குங்கள். நம் உதாரணத்தில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியிலேயே வலைக் குறிப்புகளுக்கான தரவு மாதிரியைப் பரிந்துரையாக வெளியிட்டுவிட்டது. இபப் என்ற மின்நூல் வடிவில் உள்ள நூலுக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவதற்கு சிஎஃப்ஐ என்ற முறையும் இருக்கிறது. இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் "இந்தத் துறையில் எதுவும் இல்லை" என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

அப்படியானால் மிச்சம் என்ன? இடைவெளிதான். கேஓரீடரின் வாசிப்பு எந்திரம் இடத்தை எக்ஸ்பாயின்டர் என்ற வேறொரு வடிவில் குறிக்கிறது, காலிபர் சிஎஃப்ஐ வடிவில் குறிக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எழுத்து எண்ணிக்கை பிசகுகிறது. தமிழ் நூல்களில் இது நன்றாகவே தெரியும்: "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, எண்ணிக்கையில் வேறு. சிஎஃப்ஐ எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் 16 பிட் துண்டுகளை. வலைக் குறிப்பு மாதிரி எண்ணச் சொல்வது யூனிகோட் குறிப்புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தந்த எண்களை. சாதாரணத் தமிழ் எழுத்துகளுக்கு இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த முந்திரி முதலான பின்னக்குறிகள் யூனிகோடின் முதல் 65,536 இடங்களான அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-16இல் இரண்டாக எண்ணப்படும். பழைய கணக்கு நூலொன்றில் அடிக்கோடு ஓரிரு எழுத்து தள்ளி விழுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்படித் துல்லியமாக ஓட்டையைக் காட்ட முடிந்தால், நீங்கள் கேட்கப்போவது புதுத் தரநிலை அல்ல, இருக்கும் தரநிலைக்கு ஒரு பயன்பாட்டு வரையறை என்பது உங்களுக்கே விளங்கும். எந்தெந்தப் புலங்கள் கட்டாயம், எவை விருப்பம், எழுத்துகளை எப்படி எண்ணுவது, இரண்டு பதிப்புகள் மோதினால் எது வெல்லும் என்று சொல்லும் 15 பக்க ஆவணம் அது. 120 பக்கப் புது வரையறையைவிட இதற்கு நல்கை கிடைப்பது எளிது. செயல்படுத்துபவர்களும் இதைத்தான் விரும்புவார்கள்.

படி 2: செயல்படுத்துபவர்களை முன்கூட்டியே சேர்ப்பது

விண்ணப்பக் கெடுவுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறைந்தபட்சம் இரண்டு தனித்தனி நிரல்தளங்களின் பராமரிப்பாளர்களிடம் பேச வேண்டும். ஒரே குழு எழுதிய இரண்டு செயலிகள் ஒன்றாகத்தான் கணக்கு, ஏனென்றால் ஒரே தவறான புரிதல் இரண்டிலும் இருக்கும், சோதனையில் பிடிபடாது.

நேராகப் போய் "எங்கள் தரநிலையை ஏற்பீர்களா" என்று கேட்காதீர்கள். பதில் வராது, வந்தாலும் மழுப்பலாக இருக்கும். அவர்களுடைய இஷ்யூ பட்டியலில் (பிழைகளும் கோரிக்கைகளும் பதிவாகும் இடம்) இதே சிக்கலைப் பயனர்கள் ஏற்கெனவே புகாராக எழுதியிருப்பார்கள். அவற்றைத் தேடி எடுத்து, அங்கேயே ஒரு சிறு முன்மொழிவு வையுங்கள்: ஏற்றுமதி மட்டும், ஒரே கோப்பு, இருநூறு வரிக்குள். ஏற்றுமதி யாருடைய தரவையும் கெடுக்காது என்பதால் பராமரிப்பாளர் எளிதில் சம்மதிப்பார். இறக்குமதியும் ஒத்திசைவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆதரவுக் கடிதம் வாங்கும்போது வாசகம் முக்கியம். "இது நல்ல முயற்சி" என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை. "வரையறையின் 0.5 பதிப்பு வந்ததும் இதைச் சோதனைக் கிளையில் சேர்த்துப் பார்ப்போம், புல் ரிக்வெஸ்டை மதிப்பாய்வு செய்ய இன்னார் நேரம் ஒதுக்குவார்" என்ற இரண்டு வரி போதும். புல் ரிக்வெஸ்ட் என்பது நம் நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள். பராமரிப்பாளரின் நேரத்துக்கும் பட்ஜெட்டில் பணம் வையுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு 4,000 வரிப் புல் ரிக்வெஸ்ட் ஒன்றரை ஆண்டு தூங்குகிறது, மைல்கல்லும் கூடவே தூங்குகிறது.

படி 3: யாரிடம் கேட்பது

தரநிலை வேலைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை. நாட்டின் தொடக்ககால இணையச் சேவை நிறுவனமொன்றை 1997இல் யூயூநெட் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்துக்கு விற்ற பணத்தில் நல்கை தரத் தொடங்கிய அமைப்பு இது. பின்னர் ஐரோப்பிய ஆணையத்தின் அடுத்த தலைமுறை இணையத் திட்டத்தின் பணத்தையும் பகிர்ந்து தந்துவருகிறது. முதல் விண்ணப்பத்துக்கு வழக்கமான வரம்பு 5,000 முதல் 50,000 யூரோ. தனிநபரும் கேட்கலாம், நிறுவனம் பதிவுசெய்திருக்க வேண்டியதில்லை. சமூக வலைத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை நிரல் களஞ்சியத் தளங்களுக்கு விரிவாக்கும் ஃபோர்ஜ்ஃபெட் போன்ற வேலைகளுக்கு இவர்கள் பணம் தந்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்தும் விண்ணப்பிக்க முடிகிறது, ஆனால் ஐரோப்பியத் தொடர்பு என்ன என்று கேட்பார்கள். அங்குள்ள ஒரு செயலாக்கக் குழுவைச் சேர்த்துக்கொள்வது நேர்மையான, பயனுள்ள பதில். எந்தச் சுற்று இப்போது திறந்திருக்கிறது, கெடு எந்த நாள், எந்த நேர மண்டலம் என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகல் கெடு என்றால் அங்கத்திய நண்பகல்.

ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் 2022இல் தொடங்கியது. குறைந்தபட்சத் தொகையே 50,000 யூரோ. ஏற்கெனவே பலர் நம்பியிருக்கும் அடித்தள மென்பொருளுக்குத்தான் தருகிறார்கள், முன்மாதிரிகளுக்கு அல்ல. புதிதாக ஒரு வரையறையோடு அங்கே போவது வீண். அது ஐந்து செயலிகளில் ஓடத் தொடங்கியபின் அதன் சோதனைத் தொகுப்பைப் பராமரிக்கப் போகலாம்.

இந்தியாவில் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024இல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறது, ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. இதுவும் புழக்கத்தில் உள்ள திட்டங்களுக்கே பொருந்தும்.

படி 4: ஆவணத்துக்கு ஒரு வீடு

உங்கள் சொந்த நிரல் களஞ்சியத்தில் மட்டும் இருக்கும் வரையறையைத் தரநிலை என்று அழைப்பது கொஞ்சம் மிகை. இரண்டு வழிகள் நடைமுறைக்கு ஏற்றவை. டபிள்யூ3சியின் சமூகக் குழுவில் சேரக் கட்டணம் இல்லை, யாரும் தொடங்கலாம். சேருபவர்கள் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தை ஏற்பதால் காப்புரிமைச் சிக்கலும் ஓரளவு தீர்கிறது. ஆனால் சமூகக் குழுவின் அறிக்கை டபிள்யூ3சி பரிந்துரை அல்ல. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பி எழுதினால் விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் உடனே கண்டுபிடிப்பார்.

பிணைய நெறிமுறை என்றால் ஐஇடிஎஃப், அதாவது இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு. அங்கே உறுப்பினர் கட்டணமே கிடையாது, அஞ்சல் பட்டியலில் எழுதினாலே பங்கேற்பு. இன்டர்நெட் டிராஃப்ட் எனப்படும் வரைவு 185 நாளில் காலாவதியாகும், எனவே புதுப்பிப்பதைத் திட்ட அட்டவணையில் குறித்துவையுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த விண்ணப்பத்திலும் வாக்குறுதியாகத் தராதீர்கள்: "12 மாதத்தில் ஆர்எஃப்சி ஆகும்" (ஐஇடிஎஃப் வழியே வெளியாகும் இறுதி ஆவணம்), "பரிந்துரையாக ஏற்கப்படும்". அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. மைல்கல்லாக எழுதினால் உங்கள் பணம் வேறொரு குழுவின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். "வரைவு சமர்ப்பிக்கப்பட்டது, வந்த கருத்துகளுக்கு எழுத்தில் பதில் தரப்பட்டது" என்பது உங்கள் கையில் இருப்பது. அதை எழுதுங்கள்.

படி 5: பட்ஜெட்டும் மைல்கற்களும்

உச்சவரம்பு 50,000 என்பதற்காக 50,000 கேட்பது தெரிந்துவிடும். மணிக்கணக்கிலிருந்து மேலே கட்டுங்கள். நம் உதாரணத்துக்கு மணிக்கு 60 யூரோ என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்:

இடைவெளி ஆய்வும் பயன்பாட்டுச் சூழல்களும்: 60 மணி, 3,600 யூரோ
வரையறை ஆவணம், 0.1, 0.5, 1.0 பதிப்புகள்: 140 மணி, 8,400 யூரோ
ஜேசன் ஸ்கீமாவும் (தரவுக் கோப்பின் வடிவ விதிகள்) மாதிரி நிரலகமும்: 120 மணி, 7,200 யூரோ
சோதனைத் தொகுப்பு: 130 மணி, 7,800 யூரோ
முதல் செயலாக்கம், கேஓரீடர் செருகுநிரல்: 70 மணி, 4,200 யூரோ
இரண்டாம் செயலாக்கம், காலிபர் செருகுநிரல், வேறொருவர் கையால்: 80 மணி, 4,800 யூரோ
ஆவணப்படுத்தல், குழுக் கூட்டங்கள், கருத்துகளுக்குப் பதில்: 40 மணி, 2,400 யூரோ

மொத்தம் 640 மணி, 38,400 யூரோ. இதில் வரையறை ஆவணத்துக்குப் போவது 22 விழுக்காடுதான். சோதனையும் செயலாக்கங்களும் சேர்ந்து அதைப்போல் இருமடங்கு. நல்ல தரநிலைப் பட்ஜெட்டின் உருவம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் செயலாக்கத்தை நீங்களே எழுதக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. வரையறையை எழுதியவர் மனத்தில் உள்ளதை வைத்து நிரல் எழுதுவார், ஆவணத்தில் விடுபட்டது அவர் கண்ணில் படாது. ஆவணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் எழுதும்போது கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தின் ஒரு ஓட்டை. அந்தக் கேள்விகளை இஷ்யூவாகப் பதிவிடச் சொல்லுங்கள். நல்கை தருபவருக்குக் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

சோதனைத் தொகுப்பில் வரையறையின் ஒவ்வொரு "கட்டாயம்" வாக்கியத்துக்கும் குறைந்தது ஒரு சோதனை வேண்டும். 45 கட்டாய வாக்கியங்கள் இருந்து 20க்குத்தான் சோதனை இருக்கிறதென்றால், மிச்சம் 25ஐ "பரிந்துரை" என்று தளர்த்துவதா, சோதனை எழுதுவதா என்று முடிவெடுங்கள். கோப்புகளில் தமிழ், அரபி, சீனம் மூன்றும் இருக்கட்டும். மேலே சொன்ன ஒகரச் சிக்கல் ஆங்கில நூலை வைத்துச் சோதித்தால் வெளிவராது. வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளும் பத்துப் பதினைந்து தேவை: பாதியில் அறுந்த ஜேசன், இல்லாத அத்தியாயத்தைச் சுட்டும் குறிப்பு, எதிர்மறை எண்.

மைல்கல் என்பது வெளியாள் ஒருவர் இணைப்பைச் சொடுக்கிப் பார்த்து "ஆம், முடிந்தது" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "வரையறை 50% முடிந்தது" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. "0.5 பதிப்பு குறியிட்டு வெளியிடப்பட்டது, 12 பயன்பாட்டுச் சூழல்களும் அதில் கையாளப்பட்டுள்ளன, ஸ்கீமா மாதிரிக் கோப்புகள் அனைத்தையும் ஏற்கிறது" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் 2,000 முதல் 4,000 யூரோ அளவில் இருந்தால் நல்லது. என்எல்நெட் போன்ற இடங்களில் பணம் வேலை முடிந்தபின்தான் வரும். 12,000 யூரோ மைல்கல் ஒன்று மூன்று மாதம் இழுத்தால் அந்த மூன்று மாதமும் வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பயணச் செலவு, மாநாட்டுக் கட்டணம், புது மடிக்கணினி ஆகியவற்றை முடிந்தவரை தவிர்க்கவும். தரநிலைக்கு நேரடித் தொடர்புள்ள ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும் கேட்டால் நியாயமாகத் தெரியும்.

படி 6: படிவத்தை நிரப்புதல்

என்எல்நெட் மதிப்பீட்டில் தொழில்நுட்பத் தரமும் சாத்தியமும் 30, பொருத்தமும் தாக்கமும் 40, செலவுக்கேற்ற பயன் 30 என்ற விகிதம் பின்பற்றப்பட்டிருக்கிறது. அதாவது அருமையான நெறிமுறை வடிவமைப்பு மட்டும் உங்களைக் கரைசேர்க்காது.

திட்டச் சுருக்கத்தை 1,200 எழுத்துக்குள் அடக்கிப் பழகுங்கள். முதல் வாக்கியத்தில் சிக்கல், இரண்டாவதில் யாருக்கு, மூன்றாவதில் திட்டம் முடிந்ததும் கையில் இருக்கப்போகும் பொருள்கள். "இணையத்தின் எதிர்காலம்" என்று தொடங்கும் பத்திகளை வெட்டிவிடுங்கள், அந்த இடத்தில் ஒரு செயலியின் பெயரும் அதில் உடையும் ஓர் அம்சமும் போதும்.

ஒப்பீட்டுப் பகுதிதான் விண்ணப்பத்தின் இதயம். படி 1இல் செய்த வேலை இங்கே வரும். முன்பு தோற்ற முயற்சிகளையும் சொல்லுங்கள், ஏன் தோற்றன என்று ஒரு வரி எழுதுங்கள். பிறருடைய தோல்வியைக் கேலியாக எழுத வேண்டாம். அதை எழுதியவரே மதிப்பீட்டுக் குழுவில் இருக்கக்கூடும், இந்த உலகம் அவ்வளவு சிறியது.

தொழில்நுட்பச் சவால்கள் என்ற கேள்விக்குச் "சவால் இல்லை" என்ற பதில் தன்னம்பிக்கையாகத் தெரியாது. எழுத்து எண்ணிக்கை, நூல் பதிப்பு மாறும்போது குறிப்பு எங்கே ஒட்டுவது, இரண்டு கருவியில் ஒரே குறிப்பைத் திருத்தினால் என்ன ஆகும் என்று குறிப்பாக எழுதி, முதல் முயற்சியாக எதைச் செய்வீர்கள், அது சரிவராவிட்டால் அடுத்தது எது என்று சொல்லுங்கள். தனியுரிமையை மறக்க வேண்டாம்: ஒருவர் எந்த நூலில் எந்த வரியை அடிக்கோடிட்டார் என்பது மிக அந்தரங்கமான தரவு.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் படிவம் கேட்கும் இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். மொழி திருத்தத்துக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால் அதையே எழுதுங்கள்.

படி 7: உரிமம்

நிரலுக்கு அங்கீகரிக்கப்பட்ட திறந்த மூல உரிமம் எதுவும் சரி. ஆவணத்துக்கு யோசிக்க வேண்டும். மாற்றக் கூடாது என்ற நிபந்தனையுள்ள உரிமம் இருந்தால் தரநிலை அமைப்பு எதுவும் அதை எடுத்து வளர்க்க முடியாது. மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும் என்று கேட்கும் உரிமமும் பிறகு வேறு அமைப்புக்கு மாற்றும்போது தொல்லை தரும். கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி-பை (பெயர் குறிப்பிட்டால் போதும்) அல்லது சிசி-ஜீரோ (நிபந்தனையே இல்லை) எளிது. பங்களிப்பாளர் ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்தே அதற்கு ஒப்புக்கொண்டதைப் பதிவுசெய்யுங்கள். இரண்டு ஆண்டு கழித்து முப்பது பேரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்குவது நடக்காத காரியம்.

படி 8: சமர்ப்பித்த பின்

முதல் சல்லடையில் தேறினால் கேள்விகள் வரும்: மணிக்கட்டணத்துக்கு என்ன அடிப்படை, இந்த வேலையை இரண்டாகப் பிரிக்க முடியுமா, இன்னாருடன் பேசினீர்களா. இது நிராகரிப்பின் அறிகுறி அல்ல. ஒரு வாரத்துக்குள், கேட்டதற்கு மட்டும், எண்களோடு பதில் தாருங்கள். தொகையைக் குறைக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் பத்து விழுக்காடு கிள்ளாதீர்கள். ஒரு முழு வேலையை எடுத்துவிட்டு அது இல்லாமல் என்ன கிடைக்காது என்று சொல்லுங்கள். எடுக்கும்போது சோதனைத் தொகுப்பில் கைவைக்க வேண்டாம்.

விண்ணப்பத்திலிருந்து ஒப்பந்தம் வரை பல மாதம் ஆகலாம். ஒப்பந்தத்தில் மைல்கற்கள் மீண்டும் எழுதப்படும். அங்கேதான் உண்மையான பேச்சுவார்த்தை. வேலையின் நடுவே திட்டம் மாறினால் மறைக்காமல் உடனே எழுதி மைல்கல்லை மாற்றிக்கொள்ளுங்கள், பொதுவாக ஏற்பார்கள். நல்கையோடு பாதுகாப்புத் தணிக்கை, அணுகல்தன்மைச் சோதனை போன்ற உதவிகளும் கிடைத்தால் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். தணிக்கையில் வந்த குறைகளைச் சரிசெய்யவும் நேரம் வேண்டும்.

படி 9: பணம் இந்தியாவுக்கு வருகிறதென்றால்

சங்கமோ அறக்கட்டளையோ வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டுமானால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ தேவை. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவில்லாத அமைப்பின் பெயரில் விண்ணப்பித்து, நல்கை கிடைத்தபின் இதைக் கண்டுபிடித்தால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாது. வழக்கமான தொழில் முறையில் செய்த சேவைக்கான கட்டணம் அந்தச் சட்டத்தில் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தம் நன்கொடை என்கிறதா, சேவை என்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்த வரைவை ஆடிட்டரிடம் காட்டுங்கள். வருமான வரியும் வங்கி கேட்கும் நோக்கக் குறியீடும் (பணம் எதற்கு வந்தது என்பதைக் காட்டும் குறி) அதே சந்திப்பில் தீர்ந்துவிடும்.

படி 10: நிராகரித்தாலும், முடித்தாலும்

நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு மரியாதையான மடல் எழுதலாம், சில இடங்களில் பதில் வரும். அடுத்த சுற்றில் அதே விண்ணப்பத்தை அப்படியே அனுப்பாதீர்கள். இடைப்பட்ட மாதங்களில் ஏற்றுமதிச் செருகுநிரல் ஒன்றாவது ஒரு செயலியில் சேர்ந்திருந்தால் அது புது விண்ணப்பம்.

வேலை முடிந்தால் பராமரிப்பு தொடங்குகிறது. சோதனைத் தொகுப்பு தானாக ஓடும் தளத்துக்கும், ஆண்டுக்கு ஒருமுறை பிழைதிருத்தப் பதிப்புக்கும் பணம் தேவைப்படும். அதற்கு ஃபிளாஸ் ஃபண்ட் கேட்கும் ஃபண்டிங்.ஜேசன் கோப்பை இப்போதே களஞ்சியத்தில் வைத்துவிடலாம். அதில் அமைப்பு யார், திட்டங்கள் எவை, என்ன உரிமம், பணம் வரும் வழிகள், தேவைப்படும் தொகை, கடந்த ஆண்டுகளின் வரவுசெலவு எல்லாம் எந்திரம் படிக்கும் வடிவில் இருக்கும். உங்கள் இணையதளமும் களஞ்சியமும் வெவ்வேறு முகவரியில் இருந்தால், தளத்தின் வெல்-நோன் (.well-known) கோப்புறைக்குள் அந்தக் கோப்பின் முகவரியைக் குறிக்கும் ஒரு சிறு கோப்பும் வைக்க வேண்டும். அதில்லாமல் கோப்பு உங்களுடையதுதான் என்று சரிபார்க்க முடியாது, விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.